முன்கதை வந்தால் கூட்டத்தை எப்படி நடத்துவது?

ஒரு தொடர் நாவலை உங்கள் வாசகர் வட்டம் சேர்ந்து படித்து முடித்துவிட்டது. யார் பிழைத்தார்கள், யார் செத்தார்கள், கெட்டவன் கதி என்ன ஆயிற்று என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அப்போது அதே ஆசிரியர் இன்னொரு புத்தகத்தோடு வருகிறார். கதை தொடங்குவதற்குப் பல வருஷம் முன்னால் நடந்ததை அதில் சொல்கிறார். அதுதான் முன்கதை, பிள்ளைகள் வாயில் ப்ரீக்வல். வட்டம் நடத்துகிறவருக்கு இதைவிடச் சிரமமான கூட்டம் வேறு கிடையாது. வழக்கமான நாவலுக்குப் பிடித்தது, பிடிக்கவில்லை என்று இரண்டு பேச்சு வரும். முன்கதைக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தைக் கையாளத் தெரிந்தால் உங்கள் வட்டத்தின் மிகச் சிறந்த கூட்டம் அதுவாக இருக்கும்.

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு மாதிரியான பட்டுத்தறி ஊர்களை மனதில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். இங்கே தறியில் உட்காரும் பெரியவர் கல்கியைக் கரைத்துக் குடித்தவராக இருப்பார். அதே வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண் ‘ஹங்கர் கேம்ஸ்’ படித்துக்கொண்டிருப்பாள், தம்பி கைப்பேசியில் ‘சைலோ’ பார்த்துக்கொண்டிருப்பான். மூவரையும் ஒரே பாயில் உட்கார வைத்துப் பேச வைக்க முன்கதை நல்ல வழி. காரணம், முன்கதை மேல் வரும் கோபம் மூன்று பேருக்கும் பொது.

(கதை முடிவுகள் இந்த அத்தியாயத்தில் வெளிப்படையாக வருகின்றன. படிக்காதவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிப் போகலாம்.)

எந்த வரிசையில் படிப்பது

வட்டத்தில் முதலில் எழும் கேள்வி இதுதான். காலத்தால் முந்தியது முன்கதை, ஆகவே அதிலிருந்து தொடங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளிவந்த வரிசையில்தான் படிக்க வேண்டும்.

ஹ்யூ ஹோவியின் ‘சைலோ’ வரிசையைப் பாருங்கள். உலகம் அழிந்தபின் பூமிக்கடியில் நூற்றுச் சொச்சம் மாடி ஆழத்துக்குத் தோண்டிய ஒரு கிடங்கில் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் வாழ்கிறார்கள். வெளியே போக வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பவரை வெளியே அனுப்பிவிடுவார்கள். அவர் வெளியிலிருந்து கேமரா லென்ஸைத் துடைத்துவிட்டு அங்கேயே விழுந்து சாவார். 2011இல் ஒரு சிறிய கதையாக, ஆசிரியரே வெளியிட்ட ‘வூல்’ இப்படித்தான் தொடங்கியது. அதன் பலமே நமக்கு எதுவும் தெரியாது என்பதில் இருக்கிறது: இந்தக் கிடங்கைக் கட்டியது யார், ஏன் கட்டினார்கள், வெளியே உண்மையில் என்ன இருக்கிறது? 2013இல் புத்தகமாக வந்த ‘ஷிஃப்ட்’ இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிற முன்கதை. அதை முதலில் கொடுத்தால், வூலின் முதல் பக்கத்திலேயே பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வியைப் படிக்கிற நிலைமை வாசகருக்கு. அந்த அதிர்ச்சியை இரண்டாவது முறை யாருக்கும் தர முடியாது.

வெளிவந்த வரிசைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. முன்கதை எழுதும் ஆசிரியர், வாசகருக்கு மூலக்கதை தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார். ஒரு பாட்டு, ஒரு பொம்மை, ஒரு பெயர் வரும்போது நம் நெஞ்சு திடுக்கிட வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. மூலத்தை அறியாதவருக்கு அந்த இடம் வெறும் தகவலாகக் கடந்து போய்விடும்.

ஒருவரை மட்டும் விதிவிலக்காக வைத்துக்கொள்ளுங்கள். மூலக்கதையைப் படிக்காமல் முன்கதையை மட்டும் படித்துவிட்டு வருகிற ஒரு உறுப்பினர் கூட்டத்துக்கு மிகவும் உதவுவார். ‘ஹங்கர் கேம்ஸ்’ கதையின் கெட்டவனைப் பற்றி, “இந்த ஸ்னோ நல்ல பையன்தானே, ஏன் எல்லாரும் திட்டுறீங்க?” என்று அவர் கேட்டால், மற்றவர்கள் தங்கள் வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தே ஆக வேண்டும்.

பேசுவதற்கு முன் எழுத வையுங்கள்

நெசவாளர் ஊர்க் கூட்டங்களில் மூத்தவர் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டால் இளையவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். “ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று முடித்துக்கொள்வார்கள். அது மரியாதை, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாசக எதிர்வினை என்று நீங்கள் தேடி வந்தது அங்கே அடங்கிப் போகிறது. ஆகவே தேநீர் வருவதற்கு முன்பே ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, பெயர் போடாமல் இரண்டு விஷயம் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்று, இந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் உங்களுக்குக் கோபம் வந்தது? இரண்டு, படித்தபின் மூலக்கதையில் வரும் யாரைப் பற்றிய எண்ணம் மாறியது?

பக்க எண் கட்டாயம் வேண்டும். “போரடிக்குது” என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. “‘ஷிஃப்ட்’டின் தொண்ணூறாம் பக்கத்தில் இன்னும் ‘வூல்’ நாயகி ஜூலியட் வரவில்லை என்று கோபம் வந்தது” என்று ஒருவர் எழுதினால், அங்கேயே அரைமணி நேரப் பேச்சு இருக்கிறது. தாள்களைக் கலந்து நீங்களே சத்தமாகப் படியுங்கள். யார் எழுதியது என்று கேட்கக் கூடாது, ஊகிக்கவும் விடக் கூடாது.

வரக்கூடிய கோபங்கள்

எந்த முன்கதையை எடுத்தாலும் தாள்களில் பெரும்பாலும் மூன்று வகைப் புகார்தான் இருக்கும். மூன்றையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது.

முதல் வகை: “நாங்கள் கேட்ட ஆள் வரவில்லை.” 2020 ஜனவரியில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். சூசன் காலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ மூன்று பாகங்களும் 2008 முதல் 2010 வரை வந்து முடிந்திருந்தன. வட அமெரிக்கா அழிந்த இடத்தில் எழுந்த பானெம் என்ற நாட்டில், வருஷா வருஷம் பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்ல விட்டு அதைத் தொலைக்காட்சியில் காட்டும் ஆட்சி. அந்த ஆட்சியின் தலைவன் ஸ்னோ. பத்து வருஷம் கழித்து முன்கதை வருகிறது என்றதும் வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த யாராவது ஒருவரின் இளமைக்கதையை எதிர்பார்த்தார்கள். முன்கூட்டி வெளியான பகுதியைப் படித்தால் கதாநாயகன் பதினெட்டு வயது ஸ்னோ. இத்தனை பிள்ளைகளைக் கொன்றவனுக்கு ஏன் கதை, அவன் மேல் இரக்கம் வரவழைக்கப் போகிறீர்களா என்று வாசகர்கள் கொதித்தார்கள். புத்தகம் மே 19ஆம் தேதிதான் வந்தது; கோபம் நாலு மாதம் முந்திக்கொண்டது.

இந்தப் புகாரை அடக்காதீர்கள், சமாதானமும் சொல்லாதீர்கள். அதற்குள் ஒரு நேர்மையான அறக்கேள்வி இருக்கிறது. கொடுமைக்காரனின் ஏழ்மையையும் பசியையும் அவன் காதலையும் தெரிந்துகொண்டால் அவன் குற்றம் குறையுமா? இதை வட்டத்தின் நடுவில் வையுங்கள். பிறகு புத்தகத்தின் கடைசிப் பகுதியைப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வழி இருந்தும் ஸ்னோ தனக்கு லாபமான வழியைத்தான் எடுக்கிறான் என்பதைக் காலின்ஸ் மறைக்கவே இல்லை. அவனைப் புரிந்துகொள்கிறோம், மன்னிக்க மாட்டோம். என் கணக்கில், வாசகர் பயந்ததற்கு நேர் எதிரான புத்தகம் அது. ஆனாலும் உங்கள் வட்டத்தில் இதை ஒப்புக்கொள்ளாதவர் இருப்பார், இருக்கட்டும்.

‘ஷிஃப்ட்’டுக்கும் இதே புகார்தான். ‘வூல்’ படித்தவர்கள் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஜூலியட்டின் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். முன்கதையில் அவர்களுக்குக் கிடைத்தது டொனால்ட் என்ற பயந்த சுபாவமுள்ள அரசியல்வாதி. கட்டடக்கலை படித்தவர். எதற்கு என்று முழுதும் தெரியாமலேயே அந்தக் கிடங்கை வரைந்து கொடுக்கிறார். அவரோடு ஒன்றவே முடியவில்லை என்று சொன்ன வாசகர்களில் பலர், அதே புத்தகத்தின் மூன்றாம் பகுதியில் வரும் சிறுவன் ஜிம்மியிடம் விழுந்துவிட்டார்கள். எல்லோரும் செத்துப்போன ஒரு கிடங்கில் ஒரு பூனையோடு தனியாக வருஷக்கணக்கில் வாழ்கிற பையன் அவன். ‘வூல்’ நாவலில் சோலோ என்ற பெயரில் பெரியவனாக ஏற்கெனவே பார்த்த ஆள்தான். இங்கே ஒரு நடைமுறை உண்டு: ‘ஷிஃப்ட்’ மூன்று பகுதிகள் கொண்டது, மூன்றையும் ஒரே கூட்டத்தில் வைக்காமல் தனித்தனியாக வையுங்கள். முதல் பகுதியோடு புத்தகத்தைத் தூக்கிப் போட்டவர் மூன்றாவதுக்கு வந்தால் வேறு ஆளாகப் பேசுவார்.

இரண்டாம் வகை: “முடிவு தெரியுமே, பிறகென்ன?” இதற்குத் தமிழ் வாசகரிடம் ரொம்ப நாளாகவே பதில் இருக்கிறது. ‘பார்த்திபன் கனவு’ 1941இல் ‘கல்கி’ இதழில் தொடங்கியது. அதில் நரசிம்மவர்மர் வாதாபியை வென்று வந்த சக்கரவர்த்தி, வளர்ந்த மகளுக்குத் தகப்பன். 1944இல் அதே கல்கி ‘சிவகாமியின் சபதம்’ தொடங்கினார். அது 1946 வரை ஓடியது. அதே நரசிம்மர் அங்கே இளவரசர், வாதாபி இன்னும் எரியவில்லை. கணக்குப்படி அது முன்கதைதான். வாதாபி விழும் என்று வாரா வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் காத்திருந்தார்கள். சிவகாமிக்கு என்ன ஆகும் என்பதுதான் அவர்கள் கேள்வியாக மாறிவிட்டது. முந்திய நாவலை விடப் பிந்தியது பெரிதாக நிலைத்துவிட்டது என்பதையும் வட்டத்தில் சொல்லுங்கள்.

இந்த இரண்டு நாவலையும் இணைக்கும் ஓர் இடத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ‘பார்த்திபன் கனவில்’ ஒரு கபாலிகன் வருகிறான், அவனுக்கு ஒரு கைதான். நாவலின் பெரும்பகுதியில் அது அச்சமூட்டும் ஓர் அடையாளம்தான். ‘சிவகாமியின் சபதத்தில்’ நாகநந்தி அந்தக் கையை இழக்கும் இடத்துக்கு வரும்போது, முந்திய நாவலைப் படித்தவருக்கு முதுகு சில்லிடும். இவன்தான் அவன்! கல்கி இதை வாசகரை நம்பித்தான் எழுதினார். புதுப்பாவின் ஒவ்வொரு இழையையும் தறியில் முடிந்துபோன பழைய பாவின் இழையோடு விரலால் முறுக்கிப் பிணைக்கிறோமே, முன்கதை எழுதுகிறவர் செய்வதும் அதே வேலை. ஆகவே வட்டத்துக்கு ஒரு பயிற்சி: பிணைத்த இடங்களைத் தேடிப் பட்டியல் போடச் சொல்லுங்கள். வலுவாகப் பிணைத்தது எது, இழுத்தால் அறுகிறது எது என்று பேசினாலே கூட்டம் நிறைந்துவிடும்.

காலின்ஸின் பிணைப்புகளில் ஒன்று பாட்டு. மூன்றாம் பாகத்தில் கதாநாயகி காட்னிஸ் தூக்குமரப் பாட்டு ஒன்றைப் பாடுகிறாள், திரைப்படத்தில் அது கலகக்காரர்களின் பாட்டாகிறது. முன்கதையில் அந்தப் பாட்டு பிறப்பதை இளம் ஸ்னோ பக்கத்திலிருந்தே பார்க்கிறான். வயதான ஸ்னோவுக்கு அந்தப் பாட்டு எப்படிக் கேட்டிருக்கும் என்று மூலத்தில் எங்கும் எழுதவில்லை. முன்கதைக்குப் பிறகு எழுத வேண்டிய தேவையும் இல்லை.

முடிவு தெரியும் என்ற புகாருக்கு இன்னும் கூர்மையான பதில் 2025 மார்ச்சில் வந்த ‘சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்’. இது மூலத்தில் காட்னிஸின் வழிகாட்டியாக வரும் ஹேமிச்சின் கதை, மூலக்கதைக்கு 24 வருஷம் முந்தியது. அவர் அந்தக் கொலைப் போட்டியில் எப்படி ஜெயித்தார் என்பது வாசகருக்கு நன்றாகத் தெரியும். இரண்டாம் பாகத்தில் காட்னிஸும் அவளோடு போட்டிக்குப் போன பீட்டாவும் அந்த ஒளிப்பதிவைப் போட்டுப் பார்ப்பார்கள். முன்கதையைப் படித்தால், அந்தப் பதிவு அரசு வெட்டி ஒட்டிய பொய் என்று தெரிகிறது. நமக்குத் தெரிந்த முடிவே நமக்குக் காட்டப்பட்ட முடிவுதான். முதல் வாரத்திலேயே ஆங்கிலத்தில் 15 லட்சம் பிரதி விற்றதாகப் பதிப்பகம் சொன்ன இந்தப் புத்தகத்துக்கு, ஐந்து வருஷத்துக்கு முன் கொதித்த அதே வாசகர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்த ஆள் ஹேமிச் என்பது ஒரு காரணம். அது மட்டும் போதாது என்பது என் எண்ணம். பழைய பாகத்தைத் திரும்ப எடுத்துப் படிக்க வைக்கிற முன்கதைதான் ஜெயிக்கிறது.

மூன்றாம் வகை: “மர்மம் போய்விட்டது.” இந்தப் புகாருக்கு மட்டும் பதில் கிடையாது. அது பல சமயம் உண்மை. விளக்கம் சொல்லச் சொல்லக் கதை சிறிதாகிற முன்கதைகள் நிறைய உண்டு. தாளில் இப்படி எழுதியவரை விவாதத்தால் மடக்க வேண்டாம். எந்த மர்மம் போயிற்று, அதற்குப் பதிலாக என்ன கிடைத்தது என்று மட்டும் கேளுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்த முன்கதை தோற்றது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

மர்மத்தைக் கெடுக்காமல் பின்னோக்கிப் போகவும் முடியும். ‘சைலோ’ தொலைக்காட்சித் தொடரில் வாத்துத் தலை வைத்த ஒரு சின்ன மிட்டாய் டப்பா வருகிறது. கிடங்கு மனிதர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. பழைய உலகத்துப் பொருள், வைத்திருந்தால் தண்டனை. 2025 ஜனவரியில் இரண்டாம் பருவத்தின் கடைசிக் காட்சியில் கதை திடீரென்று அழிவுக்கு முந்திய வாஷிங்டனுக்குப் போகிறது. ஒரு மதுக்கூடத்தில் ஒருவன் ஒரு பெண்ணுக்கு அதே வாத்து டப்பாவைப் பரிசாகக் கொடுக்கிறான். நிலத்தடியில் அதற்காக உயிரைப் பணயம் வைத்தவர்களைப் பார்த்துவிட்டு வந்த நமக்கு, அந்த மலிவுப் பொருள் அவன் கையில் சாதாரணமாக இருப்பதைப் பார்க்கவே வலிக்கிறது. யார், ஏன் என்று ஒன்றையும் விளக்கவில்லை. வட்டத்தில் காட்டுவதற்கு ஏற்ற காட்சி, சில நிமிடம்தான்.

முன்னாலேயே வரும் முன்கதை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படம் வருவதற்கு முன்பே முன்கதையை விடுவது இப்போது நடக்கிறது. ‘கல்கி 2898 ஏடி’ 2024 ஜூன் 27இல் வந்தது. வறண்டு அழிந்த உலகத்தின் கடைசி நகரமாகக் காசி. அதற்கு நாலு வாரம் முன்பு, மே 31இல், ‘புஜ்ஜி அண்ட் பைரவா’ என்ற இரண்டு பகுதி அனிமேஷன் வந்தது. கோயம்புத்தூர் ஜெயம் நிறுவனமும் மஹிந்திராவும் சேர்ந்து நிஜமாகவே கட்டிய வண்டிதான் அந்தப் புஜ்ஜி. குரல் கீர்த்தி சுரேஷ். இந்த வகை முன்கதைக்குக் கோபம் வராது, காரணம் காப்பாற்ற வேண்டிய பழைய பாசம் யாரிடமும் இல்லை. சின்னப் பிள்ளைகளை வட்டத்துக்கு இழுக்க உதவும். பெரிய விவாதத்தை எதிர்பார்க்காதீர்கள்.

எழுதாத முன்கதையை எழுத வையுங்கள்

விவாதம் ஓய்ந்த பிறகு செய்ய வேண்டியது இது, தவறாமல் செய்யுங்கள். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் வந்தது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பிள்ளை பெறவும் அரசு அனுமதி வேண்டும். மனிதர்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான்: நிலா, சிபி, ரவி, மனோ. இயந்திர நாய் ஜீனோவுக்கும் அதே கணக்கு. பின்கதையாக ‘மீண்டும் ஜீனோ’ வந்தது. முன்கதை வரவில்லை. ஜீவா ஆட்சியைப் பிடித்த நாள், பெயர்களைச் சுருக்கச் சொல்லி உத்தரவு வந்த நாள் எல்லாம் வாசகர் கற்பனைக்கு விட்ட இடங்கள்.

அந்த உத்தரவு முள்ளிப்பட்டுக்கு வந்து சேர்ந்த நாளை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். குலதெய்வத்தின் பெயரைப் பேத்திக்கு வைத்த பாட்டி என்ன செய்வாள்? கூட்டுறவு சங்கத்துப் பதிவேட்டில் உறுப்பினர் பெயரை யார் அடித்து எழுதுவார்? எழுதிப் பார்த்தவருக்கு முன்கதை எழுதுவதன் கஷ்டம் தெரிந்துவிடும். சுஜாதா சொன்ன எதையும் மீறக் கூடாது, ஆனாலும் புதிதாக ஒன்று இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் காலின்ஸையும் ஹோவியையும் திட்டினால், காரணத்தோடு திட்டுவார்கள்.

நாள், நேரம், புத்தகம்

கூட்டத்தை அமாவாசையன்று வையுங்கள். அன்று தறியில் உட்காராத வீடுகள் அதிகம். அடைமழைக் காலமும் தோதானது. தெருவில் பாவு போட முடியாது, குழித்தறியில் ஈரம் ஏறும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் கூட்டம் போடவே வேண்டாம். சேலையை முடித்துக் கொடுக்கும் அவசரத்தில் இருப்பவர் படித்திருக்க மாட்டார், படிக்கவில்லையே என்று சங்கடப்பட்டு அடுத்த கூட்டத்துக்கும் வராமல் போவார்.

படிக்க நேரமில்லாதவர்களுக்குக் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். கல்கியின் நாவல்களுக்கு ஒலிவடிவம் கைப்பேசியில் எளிதாகக் கிடைக்கிறது. புட்டா விழும் இடத்தில் கவனம் சிதறக் கூடாது, பிளெயினாக ஓடும் உடல் பகுதியில் காது சும்மாதான் இருக்கும். ஆங்கில நாவலைப் படித்த பிள்ளையை, அத்தியாயத்துக்குப் பத்து நிமிடம் என்று தமிழில் கதை சொல்ல வையுங்கள். “அப்புறம் என்னம்மா ஆச்சு?” என்று பெரியவர்கள் கேட்கத் தொடங்கினால், அந்தப் பிள்ளை அடுத்த பாகத்தை இன்னும் கவனமாகப் படித்துவிட்டு வரும்.

புதிதாக வட்டம் தொடங்குகிறவர்கள் கல்கியின் இரண்டு நாவல்களிலிருந்தே ஆரம்பியுங்கள்: ‘பார்த்திபன் கனவு’ முதலில், ‘சிவகாமியின் சபதம்’ அடுத்து. அவர் படைப்புகளை அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. இரண்டையும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.